ஆர்ச்சர் பிளட் முதல் ஜான் சர்வீஸ் வரை: கண்டதை எழுதிய அமெரிக்கத் தூதர்களுக்கு என்ன நேர்ந்தது?

தாமிரபரணிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வங்கதேச விடுதலை என்றால் நிக்சன், கிசிஞ்சர், யாஹியா கான், இந்திரா காந்தி, முஜிபுர் ரஹ்மான் என்ற ஐந்து பெயர்களையே சுற்றிச் சுற்றி வருகிறோம். 1971இல் டாக்காவில் அமெரிக்காவின் கான்சல் ஜெனரலாக (துணைத் தூதரகத் தலைவராக) இருந்த ஆர்ச்சர் பிளட்டைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. அந்தக் குறை தீரட்டும் என்றுதான் இந்த இழை.

பிளட் 1923இல் சிகாகோவில் பிறந்தவர். போர்க்காலத்தில் கடற்படையில் இருந்துவிட்டு 1947இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். கிரீஸ், ஜெர்மனி, ஆப்கானிஸ்தான் என்று மாறி மாறிப் பணியாற்றினார். 1960களின் தொடக்கத்தில் டாக்காவில் ஒருமுறை இருந்தவர், 1970இல் அதே ஊருக்குத் துணைத் தூதரகத் தலைவராகத் திரும்பினார். வந்த சில மாதங்களில் நவம்பர்ப் புயல். குறைந்தது மூன்று லட்சம் உயிர்கள் போயின. டிசம்பரில் பொதுத்தேர்தல். கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசத்தின்) 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் கட்சி வென்றது. நாடு முழுவதற்கும் அதுவே பெரும்பான்மை. அந்தத் தீர்ப்பை ஏற்க ராணுவத்துக்கு மனமில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பீரங்கிகள் முழங்கின.

வெளிநாட்டுச் செய்தியாளர்களை ஓட்டலில் அடைத்துவைத்து, பிறகு நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள். நடப்பதைப் பார்த்து வெளியே சொல்லக்கூடியவர்களாக எஞ்சியோரில் அமெரிக்கத் துணைத் தூதரக ஊழியர்களும் இருந்தார்கள். பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்கள் சுடப்பட்டது, பேராசிரியர்கள் வீடுகளில் கொல்லப்பட்டது, பழைய டாக்காவில் இந்துக் குடியிருப்புகள் எரிக்கப்பட்டது எல்லாவற்றையும் பிளட் வாஷிங்டனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். மார்ச் 28ஆம் தேதித் தந்தியின் தலைப்பிலேயே ‘தேர்ந்தெடுத்த இனப்படுகொலை’ என்று எழுதினார். பதில் வரவில்லை.

ஏப்ரல் 6ஆம் தேதி அவருடைய அலுவலகத்திலிருந்து இன்னொரு தந்தி போனது. தூதரகம், உதவித் திட்டம், தகவல் பிரிவு ஆகியவற்றைச் சேர்ந்த 20 அமெரிக்கர்கள் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஜனநாயகம் நசுக்கப்பட்டதை நம் அரசு கண்டிக்கத் தவறிவிட்டது, கொடுமைகளைக் கண்டிக்கத் தவறிவிட்டது என்று வரிக்கு வரி குற்றம் சாட்டி, இதைப் பலரும் ஒழுக்கத் திவால் என்றே கருதுவார்கள் என்று முடிவுக்கு வந்த தந்தி அது. பிளட் நினைத்திருந்தால் அதை நிறுத்தியிருக்கலாம். அவரோ, தம் ஆதரவையும் அடியில் எழுதிச் சேர்த்து அனுப்பினார்.

சில வாரங்களில் அவரைத் திருப்பி அழைத்தார்கள். வெளியுறவுத் துறையின் பணியாளர் பிரிவில் ஒரு மேசை கொடுத்தார்கள். கடைசிவரை அவர் எந்த நாட்டுக்கும் தூதராக நியமிக்கப்படவில்லை.

என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: தூதரின் வேலை கைகுலுக்குவதல்ல, எழுதுவது. கண்ணால் கண்டதைத் தலைநகருக்கு எழுதாதவர் எவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தாலும் அந்த வேலையைச் செய்யவில்லை. உங்கள் கருத்துகளையும் எழுதுங்கள்.

---

கொங்குச்செல்வன்

நல்ல தொடக்கம், ஐயா. ஆனால் நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் காட்டியிருக்கிறீர்கள்.

பிளட் எழுதியது உண்மை. அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் கண்டதை எழுதுவது ஒன்று, அரசின் கொள்கையையே தவறு என்று கூட்டுக் கையெழுத்து வாங்கி அனுப்புவது வேறொன்று. முதலாவது கடமை. இரண்டாவது அரசியல். தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் கொள்கையை வகுக்கிறார். அது பிடிக்காத அதிகாரி பதவி விலகலாம். பதவியிலும் இருப்பேன், கொள்கையையும் எதிர்ப்பேன் என்றால் எந்த நாட்டு நிர்வாகமும் நடக்காது.

அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பாருங்கள். சீனாவோடு இருபதாண்டுக் காலமாக அறுந்து கிடந்த உறவை ஒட்டவைக்கப் பாகிஸ்தான் அதிபர் யாஹியா கான் வழியாகத்தான் செய்திகள் போய்வந்தன. 1971 ஜூலையில் அதிபர் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சர் இஸ்லாமாபாத்திலிருந்துதான் ரகசியமாகப் பெய்ஜிங் போனார். உலக வரலாற்றையே திருப்பிய பயணம் அது. பிளட்டுக்கு அது தெரியாது. டாக்காவில் உட்கார்ந்திருக்கும் ஒருவரால் முழுப் படத்தையும் பார்த்திருக்க முடியாது.

---

தாமிரபரணிக்கரை

நண்பர் கொங்குச்செல்வனுக்கு. முக்கியமான எதிர்வாதம் இது. மூன்று பதில்கள்.

பிளட் எந்த விதியையும் மீறவில்லை. அரசின் கொள்கையோடு உடன்படாத அதிகாரிகள் அதை உள்ளுக்குள்ளேயே தெரிவிப்பதற்காக வெளியுறவு அமைச்சர் வில்லியம் ரோஜர்ஸ் காலத்தில், 1971 தொடக்கத்தில்தான், ‘டிஸ்சென்ட் சேனல்’ என்ற முறை வந்திருந்தது. வியட்நாம், கம்போடியா விஷயத்தில் இளம் அதிகாரிகளிடையே எழுந்த கொதிப்பின் விளைவு அது. டாக்காத் தந்தி அந்த முறையின் மிகத் தொடக்கக்காலப் பயன்பாடுகளில் ஒன்று. அரசே திறந்துவைத்த கதவு வழியாகத்தான் அவர் போனார்.

அடுத்தது சீனப் பாதை. யாஹியா கான் மட்டுமே பாலம் என்பது சரியல்ல. ருமேனிய அதிபர் சௌசெஸ்கு வழியாகவும் செய்திகள் போயின. பாரிஸிலும் தொடர்பு முயற்சி நடந்தது. பாகிஸ்தான் வசதியான வழியாக இருந்தது, ஒரே வழியாக இருக்கவில்லை. அந்த வசதிக்காக வாய் மூடியிருந்ததை நான் ஏற்கமாட்டேன்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். தந்தியின் அடியில் பிளட் சேர்த்த குறிப்பு வெறும் அறச்சீற்றம் அன்று. இந்தப் போராட்டம் பெரும்பாலும் வங்காளிகளின் வெற்றியிலும் சுதந்திர வங்கதேசத்திலும்தான் முடியும், தோற்கப்போகிற பக்கத்தை மட்டும் பிடித்துத் தொங்கி, அங்கே நமக்கிருக்கும் நல்லெண்ணத்தை இழப்பது அறிவீனம் என்று எழுதினார். அது 1971 ஏப்ரல். டிசம்பர் 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. முழுப் படத்தையும் பார்த்தவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

---

ஹூக்ளிப்பெண்

அப்பாவின் வேலை காரணமாக நாங்கள் அப்போது கல்கத்தாவில் இருந்தோம். சால்ட் லேக் பகுதியில் கட்டுமானத்துக்காகப் போட்டுவைத்திருந்த பெரிய சிமெண்ட் குழாய்களுக்குள் குடும்பம் குடும்பமாக அகதிகள் இருந்ததைப் பார்த்த தலைமுறை நான். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி வந்தார்கள். அதனால் இந்த விஷயத்தில் நடுநிலையாக இருப்பதாக நான் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

நான் சொல்ல வந்தது கென்னத் கீட்டிங் பற்றி. அப்போது டெல்லியில் அமெரிக்கத் தூதர். தொழில்முறைத் தூதர் அல்லர். நியூயார்க்கின் முன்னாள் செனட்டர், நிக்சனின் குடியரசுக் கட்சிக்காரர், எழுபது வயதைத் தாண்டியவர். மார்ச் மாதக் கடைசியிலேயே, இந்தப் படுகொலை தம்மை அதிரவைத்திருக்கிறது என்றும், அமெரிக்க ஆயுதங்களே பயன்பட்டிருக்கக்கூடும் என்பது திகைக்கவைக்கிறது என்றும் தந்தி அடித்தார். டாக்கா வீதிகளில் ஓடிய ‘சாஃபி’ டாங்கிகள் அமெரிக்கா கொடுத்தவைதான். ஜூனில் வெள்ளை மாளிகைக்கே போய் நிக்சனிடம் நேரில் பேசினார்.

அரசியல் நியமனத் தூதர்கள் என்றால் தேர்தல் நன்கொடைக்குப் பரிசாகப் பதவி வாங்கியவர்கள் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் கீட்டிங்குக்கு அடுத்த பதவி உயர்வு பற்றிய கவலை இல்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர் பேசியது ஒரு வகைத் துணிவு. முன்னால் நீண்ட பணிக்காலம் இருந்த பிளட் பேசியது அதைவிடப் பெரிய துணிவு என்பது என் எண்ணம்.

---

முத்துநகர்

பிளட்டுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதைவிடக் கொடிய பாடு பட்டவர்கள் இருக்கிறார்கள். ‘சீன வல்லுநர்கள்’ என்று அழைக்கப்பட்ட ஒரு தலைமுறை. அவர்களைப் பேசாமல் இந்த இழை நிறைவடையாது.

ஜான் சர்வீஸ் 1909இல் சீனாவின் செங்டு நகரில் பிறந்தவர். ஜான் பேட்டன் டேவிஸ் 1908இல் அதே சிச்சுவான் மாகாணத்தில் பிறந்தவர். இருவரும் சமயப் பணிக்காகப் போன அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள். சீனமொழி அவர்களுக்கு ஏட்டில் படித்த மொழி அன்று, தெருவில் விளையாடிப் பழகிய மொழி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சீனாவின் தற்காலிகத் தலைநகரான சுங்கிங்கில் இருந்துகொண்டு, ஆட்சியிலிருந்த சியாங் கை-ஷேக்கின் அரசு ஊழலில் அழுகிக்கொண்டிருக்கிறது, கிராமங்கள் அதன் கையைவிட்டுப் போய்விட்டன என்று எழுதினார்கள். 1944 ஜூலையில் அமெரிக்கக் குழு ஒன்று கம்யூனிஸ்டுகளின் தலைமையிடமான யெனானுக்குப் போனபோது சர்வீஸும் போனார். மாவோவோடு மணிக்கணக்கில் பேசினார். கம்யூனிஸ்டுகள் நிலைத்து நிற்பார்கள், சியாங்கை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் முழுக்க மாஸ்கோ பக்கம் போய்விடுவார்கள் என்பதுதான் இருவருடைய அறிக்கைகளின் சாரம்.

சீனாவுக்கான அப்போதைய அமெரிக்கத் தூதர் பேட்ரிக் ஹர்லி 1945 நவம்பரில் பதவி விலகியபோது, தம் தோல்விக்குக் காரணமே இந்த அதிகாரிகள்தான் என்று பழி சுமத்திவிட்டுப் போனார். 1949இல் மாவோ வென்றார். ‘சீனாவைத் தொலைத்தது யார்’ என்ற கூச்சல் எழுந்தது. 1950இல், அரசுக்குள் கம்யூனிஸ்டுகள் ஊடுருவிவிட்டதாகக் குற்றம் சாட்டிவந்த செனட்டர் மெக்கார்த்தி சர்வீஸின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டினார். விசாரணைக்கு மேல் விசாரணை. பலமுறை குற்றமற்றவர் என்று சொன்ன பிறகும், அவருடைய விசுவாசத்தில் ஐயம் இருக்கிறது என்று ஒரு வாரியம் முடிவு செய்ய, 1951 டிசம்பரில் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். நியூயார்க்கில் நீராவிக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1957இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எங்கே அனுப்பினார்கள்? லிவர்பூலுக்கு. சீனாவைக் கரைத்துக் குடித்த மனிதரை இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் உட்காரவைத்தார்கள். 1962இல் ஓய்வு பெற்றுவிட்டார்.

டேவிஸின் கதை இன்னும் கசப்பானது. ஒன்பதாவது பாதுகாப்பு விசாரணைக்குப் பிறகு, 1954இல் வெளியுறவு அமைச்சர் டல்லஸ் அவரை நீக்கினார். அவர் பெரு நாட்டின் லிமா நகருக்குப் போய் மரச்சாமான் தொழில் நடத்தினார், அவர் வடிவமைத்த சாமான்கள் பரிசுகளும் பெற்றன. நம் நாட்டோடு அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1943 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் பறந்த விமானம் பழுதாகி, பயணிகள் எல்லோரும் நாகா மலைக்காட்டில் பாராசூட்டில் குதித்தார்கள். அவர்களில் டேவிஸும் ஒருவர். அந்த மலைமக்களோடு இணக்கமாகப் பழகி, கூட வந்தவர்கள் உயிரோடு திரும்ப அவர் காட்டிய தலைமைக்காகப் பின்னாளில் பதக்கம் கொடுத்தார்கள். அந்த மனிதரைத்தான் நம்பத் தகாதவர் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இவர்களுக்கு நேர்ந்ததை மற்ற அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசியாவைப் பற்றி விரும்பத்தகாத உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்று ஒரு துறை முழுவதும் கற்றுக்கொண்டது. வியட்நாமில் அமெரிக்கா இறங்கியபோது, இது நடக்காது என்று அடித்துச் சொல்லும் அனுபவமுள்ள குரல்கள் அந்த அலுவலகத்தில் அரிதாகிப்போயிருந்தன. அந்தப் போருக்கான காரணங்களில் இதுவும் ஒன்று என்றே நம்புகிறேன்.

---

கொங்குச்செல்வன்

முத்துநகர் எழுதியதில் ஒரு பெரிய செய்தி விடுபட்டிருக்கிறது. 1945இல் சர்வீஸ் கைது செய்யப்பட்டது ஏன்? தம் அரசு அறிக்கைகளின் நகல்களை ‘அமெரேசியா’ என்ற பத்திரிகையின் ஆசிரியரிடம் கொடுத்தார். அவர் நேர்மையானவர், சரி. அரசு ஆவணத்தை வெளியாரிடம் கொடுத்தது நேர்மையா? பிளட் உள்ளே எழுதினார், சர்வீஸ் வெளியே கொடுத்தார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

---

முத்துநகர்

அதையும் பேசலாம். சர்வீஸ் கொடுத்தது தாமே எழுதிய அறிக்கைகளின் நகல்கள். செய்தியாளர்களுக்குப் பின்னணி விளக்குவது அன்றைய நடைமுறையில் இருந்ததுதான். வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி அவர்மீது குற்றம் சாட்ட ஒருமனதாக மறுத்துவிட்டது. கவனக்குறைவு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரைப் பதவியிலிருந்து தள்ளியதற்கு அந்தக் கவனக்குறைவுதான் காரணம் என்று நீங்கள் நம்பினால், டேவிஸை ஏன் தள்ளினார்கள்? அவர் யாருக்கும் எதுவும் கொடுத்ததாகக் குற்றம் நிற்கவில்லையே. அவருடைய பகுத்தறியும் திறனும் நம்பகத்தன்மையும் போதவில்லை என்றுதான் நீக்கினார்கள். சரியாகக் கணித்தவரின் கணிப்புத் திறனையே குற்றமாக்கினார்கள்!

---

வெண்ணிலா

எல்லோரும் கொள்கை பற்றியே எழுதுகிறீர்கள். வெறும் ரப்பர் முத்திரையை வைத்துக்கொண்டு உயிர்களைக் காப்பாற்றியவர் ஒருவர் இருக்கிறார்: ஹைரம் பிங்காம், பிரான்சின் மார்செய் நகரில் துணைக் கான்சல். மச்சு பிச்சுவை உலகறியச் செய்த அதே பெயர் கொண்ட ஆய்வாளரின் மகன். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபின், நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்கள் அந்தத் துறைமுகத்தில் வந்து குவிந்தார்கள். விசா கொடுப்பதை இழுத்தடியுங்கள், தட்டிக்கழியுங்கள் என்பதுதான் வாஷிங்டனின் மனப்போக்கு. பிங்காம் தாராளமாகக் கொடுத்தார். எழுத்தாளர் லயன் ஃபாய்க்ட்வாங்கரை முகாமிலிருந்து மீட்டுத் தம் வீட்டிலேயே ஒளித்துவைத்தார். ஓவியர் மார்க் ஷகால் தப்பிப் போக உதவியவர்களில் அவரும் ஒருவர்.

1941இல் அவரை அங்கிருந்து மாற்றினார்கள். முதலில் லிஸ்பன், பிறகு பியூனஸ் அயர்ஸ். பதவி உயர்வு வரவில்லை. 1945இல் விலகி, கனெக்டிகட்டில் இருந்த குடும்பப் பண்ணைக்குப் போய்விட்டார். பதினொரு பிள்ளைகள். மார்செய் பற்றி வீட்டில் அதிகம் பேசியதில்லை. 1988இல் அவர் இறந்தபின்தான் அந்தக் காலத்துக் காகிதங்கள் வீட்டில் கிடைத்தன. 2002இல் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அவருக்கு மறைவுக்குப் பிந்தைய விருது கொடுத்தார். 2006இல், சிறந்த அமெரிக்கத் தூதர்களுக்கான வரிசையில் அவருக்குத் தபால்தலை வந்தது.

கொங்குச்செல்வன் ஐயாவிடம் ஒரு கேள்வி. பிடிக்காவிட்டால் பதவி விலகு என்கிறீர்கள். பிங்காம் 1940இலேயே விலகியிருந்தால் அந்த விசாக்களில் யார் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்?

---

கொங்குச்செல்வன்

சகோதரி, பிங்காம் விஷயத்தில் நீங்கள் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். விசாவில் கான்சலுக்குத் தம் விருப்புரிமை உண்டு. சட்டம் கொடுத்த அதிகாரத்தை அவர் இரக்கத்தோடு பயன்படுத்தினார். என் கேள்வி கொள்கையை எதிர்ப்பது பற்றியது. அதில் என் நிலை மாறவில்லை.

---

கொழும்புத்துறை

அந்த 2006ஆம் ஆண்டுத் தபால்தலை வரிசையில் ஆறு பேர். அதில் எங்கள் நாட்டோடு தொடர்புடைய ஒருவரும் உண்டு என்பதால் எழுதுகிறேன். ஃபிரான்சஸ் வில்லிஸ். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று 1927இல் பணியில் சேர்ந்தவர். பெண்களுக்கு அந்தத் துறையில் இடமே இல்லாத காலம். தொழில்முறை அதிகாரியாக இருந்து தூதரான முதல் அமெரிக்கப் பெண் அவர்தான்: 1953இல் சுவிட்சர்லாந்து, 1957இல் நார்வே, கடைசியாக 1961 முதல் 1964 வரை இலங்கை.

கொழும்பில் அவருக்கு வாய்த்தது எளிய காலமன்று. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு அமெரிக்க, பிரித்தானிய எண்ணெய் நிறுவனங்களின் சொத்துகளைக் கையகப்படுத்தியது. இழப்பீட்டுத் தகராறு முற்றி, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. வாஷிங்டனின் சட்டம் ஒருபுறம், பணிந்துபோக மறுத்த பிரதமர் மறுபுறம். இடையில் நின்று இரு பக்கமும் பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் தூதரின் வேலையாக இருந்தது. இரு பக்கமும் முக்கியப் பொறுப்பில் பெண்கள் இருந்தார்கள் என்பது அந்தக் காலத்தில் உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாதது.

அதே வரிசையில் கிளிஃப்டன் வார்ட்டன். 1925இல் தேர்வு எழுதிப் பணியில் சேர்ந்த கறுப்பர். லைபீரியா, கேனரித் தீவுகள், மடகாஸ்கர் என்று கறுப்பர்களுக்கென்றே ஒதுக்கிவைத்திருந்த ஊர்களில் இருபதாண்டுகளுக்கு மேல் சுற்றவிட்டார்கள். 1958இல் ருமேனியாவுக்கும் 1961இல் நார்வேக்கும் தலைமை தாங்கிப் போனார். இவர்கள் இருவரும் மாற்றுக்கருத்துத் தந்தி அனுப்பிப் பெயர் பெற்றவர்கள் அல்லர். அந்த இருக்கையில் போய் உட்கார்ந்ததே அவர்களுக்கு ஒரு வாழ்நாள் போராட்டமாக இருந்தது. தாமிரபரணிக்கரை அண்ணன் வரையறுத்த ‘தூதரின் வேலை’யில் இவர்களுக்கும் இடம் வேண்டும்.

---

தாமிரபரணிக்கரை

கொழும்புத்துறை, வில்லிஸ் பற்றித் தனி இழையே தொடங்குங்கள். நிச்சயம் படிப்பேன். என் வரையறை இருவரையும் விலக்கவில்லை. கண்டதை எழுதும் இருக்கையில் யாரை உட்கார விடுகிறார்கள் என்பது அதற்கும் முந்திய கேள்வி.

---

புதியவன்_திருச்சி

கல்லூரி மாணவன் நான். குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இழை முழுவதையும் படித்தேன். பிளட் பிறகு என்ன ஆனார்? வருந்தினாரா?

---

தாமிரபரணிக்கரை

தம்பி, 1971இலேயே அமெரிக்க வெளியுறவு அதிகாரிகள் சங்கம் அவருக்கு ஹெர்ட்டர் விருது கொடுத்தது. அறிவுத் துணிவோடு மாற்றுக்கருத்து சொன்னதற்கான விருது. சக அதிகாரிகள் அவரைக் கைவிடவில்லை. டாக்காத் தந்தி வாஷிங்டனுக்கு வந்தவுடனேயே தெற்காசியப் பிரிவைச் சேர்ந்த ஒன்பது அதிகாரிகள் அதை ஆதரித்துக் கடிதம் கொடுத்திருந்தார்கள். மேலிடத்தின் மனநிலை வேறு. வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களில் கிசிஞ்சர் அவரைப் பைத்தியக்காரர் என்று குறிப்பிட்டது பதிவாகியிருக்கிறது.

கிசிஞ்சர் பதவியிலிருந்து போனபின், 1970களின் கடைசியில் டெல்லித் தூதரகத்தில் இரண்டாம் நிலைப் பொறுப்புக்கு வந்தார். 1979 அக்டோபரில் காபூலில் ஹஃபீஸுல்லா அமீனைச் சந்தித்த அமெரிக்க அதிகாரி அவர்தான். இரண்டே மாதத்தில் சோவியத் படை உள்ளே வந்து அமீனைக் கொன்றது. 1982இல் ஓய்வு. பென்சில்வேனியாவில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினார். டாக்கா நாட்களைப் பற்றி ஒரு நினைவு நூல் எழுதினார், அது டாக்காவிலேயே வெளியானது. 2004 செப்டம்பரில் காலமானார். அவர் மறைவுச் செய்தி அமெரிக்காவில் வந்ததைவிட வங்கதேசத்தில் உருக்கமாக வந்தது. அடுத்த ஆண்டு டாக்காவிலுள்ள அமெரிக்க மையத்தின் நூலகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

வருந்தவில்லை. விலை கொடுத்ததை மறைக்கவுமில்லை. சரியும் தவறும் அவ்வளவு பளிச்சென்று பிரிந்து கிடந்தபோது தமக்கு வேறு வழியிருக்கவில்லை என்பதே அவர் பிற்காலத்தில் சொன்னதன் பொருள்.

தேர்வுக்குப் படிப்பவர் என்பதால் சொல்கிறேன்: அந்தத் தந்தியின் மூலத்தைத் தேடிப் படியுங்கள். ரகசிய நீக்கம் பெற்று இணையத்தில் கிடைக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை 1971 தெற்காசிய நெருக்கடிக்கென்று ஒரு முழு ஆவணத் தொகுதியே வெளியிட்டிருக்கிறது. அதில் தந்தி எழுதியவர், அதைப் படித்த கிசிஞ்சர், அதைப் பற்றிப் பேசிய நிக்சன் மூவரின் குரலும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன.

---

கொங்குச்செல்வன்

அதே தொகுதியில் இஸ்லாமாபாத் தூதர் ஜோசப் ஃபார்லண்டின் தந்திகளும் உண்டு, தம்பி. கிசிஞ்சரின் ரகசியப் பயணத்துக்கு உடனிருந்து ஏற்பாடு செய்தவர் அவர். பிளட்டைப் படித்த கையோடு அவரையும் படியுங்கள். ஒரே நாட்டில், ஒரே மாதத்தில், ஒரே அரசுக்கு எழுதிய இரண்டு பேர். ஃபார்லண்ட் பக்கத்து நியாயத்தை வாரக்கடைசிக்குள் நான் இங்கே எழுதுகிறேன். தாமிரபரணிக்கரை ஐயா, முத்துநகர், வெண்ணிலா சகோதரி மூவரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

---

முத்துநகர்

எழுதுங்கள், காத்திருக்கிறோம். ஏப்ரல் 6ஆம் தேதித் தந்தி போனபின் ஃபார்லண்ட் என்ன எழுதினார் என்பதிலிருந்து தொடங்கினால் நல்லது.